சீடர் பாயின்ட் ஏன் வானத்தை நோக்கியே வளர்ந்தது?

அமெரிக்காவில் பொழுதுபோக்குப் பூங்காத் தொழிலில் இருப்பவர்கள் பூங்காக்களை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்ப்பார்கள். விமானம் ஏறி வந்து, ஓட்டலில் அறை போட்டு, நாலைந்து நாள் தங்கிச் சுற்றிப் பார்க்கும் இடம் ஒன்று. ஃப்ளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டு அந்த வகை. காலையில் காரை எடுத்து, இரண்டு மணி நேரம் ஓட்டி வந்து, இருட்டிய பிறகு பிள்ளைகளைப் பின்சீட்டில் தூங்கவிட்டு வீடு திரும்பும் இடம் இன்னொன்று. வட்டாரப் பூங்கா என்று அதைச் சொல்லலாம். முதல் வகைக்கு வருகிறவர்களில் பலர் வாழ்நாளில் ஒன்றிரண்டு முறைதான் வருவார்கள். இரண்டாம் வகைக்கோ இந்த ஆண்டு வந்த அதே குடும்பம் அடுத்த ஆண்டும் வந்தால்தான் பிழைப்பு.

ஒஹாயோ மாநிலத்தின் சான்டஸ்கி நகரில், ஈரி ஏரிக்கரையில் இருக்கும் சீடர் பாயின்ட் இந்த இரண்டாம் வகையில் மிகப் பெரிய பெயர். ஆண்டுக்கு 30 லட்சம் பேருக்கு மேல் வந்துபோகும் இடம். அதைப் பற்றி எழுதுகிறவர்கள் அங்குள்ள ரோலர் கோஸ்டர்களின் உயரத்தையும் வேகத்தையும் அடுக்கிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த உயரம் ஏன் வந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இடம் நெருக்கடி, பருவம் குறுகியது, வருகிறவர்கள் அதே ஊர்க்காரர்கள். இந்த நிலையில் ஒரு பூங்கா வேறு எந்தப் பக்கம் வளர முடியும்?

வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். ஈரி ஏரிக்கும் சான்டஸ்கி விரிகுடாவுக்கும் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மணல்முனையின் நுனியில் இந்தப் பூங்கா இருக்கிறது. மூன்று பக்கமும் தண்ணீர். மொத்தப் பரப்பு 364 ஏக்கர். அதிலேயே வண்டி நிறுத்துமிடம், ஓட்டல், கடற்கரை போன்ற ஏரிக்கரை எல்லாம் அடக்கம். ஏரி என்றதும் ஊர்க்கோடி ஏரியை மனதில் கொண்டுவந்துவிட வேண்டாம். இதன் பரப்பு 25,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாது, அலை அடிக்கும், மழைக்காற்று கிளம்பினால் சட்டென்று முகம் மாறும். கிழக்கே கிளீவ்லாந்து, மேற்கே டொலீடோ, இரண்டும் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். டெட்ராய்ட்டும் கொலம்பஸும் இரண்டு மணி நேரப் பயணத்தில் வந்துவிடும். எஃகு ஆலைகளும் கார் தொழிற்சாலைகளும் நிறைந்த நகரங்கள் இவை. விடுமுறைக்குத் தொலைதூரம் போகக் கையில் காசோ நாளோ இல்லாத லட்சக்கணக்கான தொழிலாளர் குடும்பங்கள்தான் தலைமுறை தலைமுறையாக இந்தப் பூங்காவின் வாடிக்கையாளர்கள்.

ஆரம்பம் மிகவும் எளிமையானது. 1870-ல் லூயி சிஸ்டல் என்ற ஜெர்மானியக் குடியேறி இந்த முனையில் ஒரு பீர் தோட்டமும், நடன மேடையும், குளிக்க வருகிறவர்களுக்கு ஒரு குளியலறைக் கட்டடமும் அமைத்தார். நகரத்திலிருந்து படகில் ஆட்களைக் கூட்டிவந்தார்கள். 1892-ல் முதல் ரோலர் கோஸ்டர் வந்தது. உயரம் 25 அடி, வேகம் மணிக்குப் 16 கிலோமீட்டர்! சைக்கிளில் முந்திவிடலாம். ஆனாலும் அந்தக் காலத்தில் அதில் ஏறிய பெண்கள் தொப்பியைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள்.

இடத்தை ஒரு நிறுவனமாக உருவாக்கியவர் ஜார்ஜ் போக்லிங். 1897-ல் பொறுப்பேற்று 1931-ல் இறக்கும்வரை அவர்தான் எல்லாம். ஏரியைப் பார்த்தபடி 600 அறைகளோடு ஹோட்டல் பிரேக்கர்ஸை அவர் 1905-ல் திறந்தார். எத்தனையோ முறை புதுப்பிக்கப்பட்டு அது இன்றும் நடக்கிறது. 1913 கோடையில் நாட்டர்டேம் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர், நூட் ராக்னியும் கஸ் டோரேயும், இந்தக் கரையில் வேலை பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் மணலில் பந்தை முன்னோக்கி எறிந்து பிடித்துப் பழகினார்கள். அந்த நவம்பரில் அவர்கள் அணி அந்த ஆட்டமுறையை வைத்தே ராணுவக் கல்லூரி அணியை 35-13 என்று வென்றது. அமெரிக்கக் கால்பந்தின் போக்கையே மாற்றிய ஆட்டங்களில் ஒன்றாக அதைச் சொல்வார்கள்.

போக்லிங்குக்குப் பிறகு வீழ்ச்சி. பொருளாதார மந்தம் வந்தது, பிறகு போர் வந்தது. 1929-ல் கட்டிய சைக்ளோன் என்ற பெரிய மரக் கோஸ்டரை 1951-ல் பிரித்துப்போட்டார்கள். 1956-ல் ஜார்ஜ் ரூஸ், எமில் லெக்ரோ என்ற இரண்டு முதலீட்டாளர்கள் வாங்கியபோது, பூங்காவை இடித்துவிட்டு வசதியானவர்களுக்கு வீடுகள் கட்டி விற்பதுதான் திட்டம். மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த நிலத்துக்கு வீட்டுமனையாக என்ன விலை கிடைக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மக்கள் கொதித்தார்கள். மாநில அரசே வாங்கிக்கொள்ளலாமா என்ற பேச்சுகூட எழுந்தது. புதிய முதலாளிகள் மனம் மாறி, டிஸ்னிலாந்து போல ஒன்றை இங்கேயே உருவாக்குகிறோம் என்று அறிவித்தார்கள். கலிஃபோர்னியாவில் டிஸ்னிலாந்து திறந்து அப்போது இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. 1957-லேயே விரிகுடாவின் குறுக்கே நேரான தரைப்பாலச் சாலையும் திறக்கப்பட்டது. என் கணக்கில் இந்தப் பூங்காவின் வரலாற்றிலேயே மிக முக்கியமான கட்டுமானம் அந்தச் சாலைதான். படகுத் துறையை நம்பியிருந்த இடம் கார் வைத்திருக்கும் குடும்பங்களின் இடமாக மாறியது அதன் வழியாகத்தான்.

டிஸ்னிலாந்தைப் பார்த்து அந்தக் காலத்தில் பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். நியூயார்க்கில் 1960-ல் பெரும் செலவில் திறந்த ஃப்ரீடம்லாந்து 1964-ல் மூடப்பட்டது. அதே 1964-ல் சீடர் பாயின்ட் செய்த காரியம் வேறு. ப்ளூ ஸ்ட்ரீக் என்ற மரக் கோஸ்டரைக் கட்டியது. 78 அடி உயரம், மணிக்கு 64 கிலோமீட்டர் வேகம். பெயரை உள்ளூர் உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டு அணியிடமிருந்து எடுத்துக்கொண்டது. கற்பனை ராஜ்ஜியத்தையும் கார்ட்டூன் பாத்திரங்களையும் விட ஒரு நல்ல கோஸ்டர் இந்த ஊர் மக்களை மறுபடி மறுபடி இழுத்துவரும் என்பது அங்கே பிடிபட்டது. இன்றும் ப்ளூ ஸ்ட்ரீக் ஓடுகிறது.

கோஸ்டர் ஓடும் விதத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அது தெரியாமல் பின்னால் வரும் உயரப் பந்தயம் வெறும் எண்களாகத்தான் இருக்கும். பழைய முறையில் வண்டிக்கு எஞ்சின் கிடையாது. அடியில் ஓடும் சங்கிலி கொக்கியைப் பற்றி மேட்டின் உச்சிவரை இழுத்துவிடும். ஏறும்போது கேட்கும் ‘டக் டக் டக்’ சத்தம் சங்கிலியுடையது இல்லை. சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னால் உருளாதபடி பல் சட்டத்தில் ஒவ்வொரு பல்லாக விழுந்துகொண்டே போகும் தடுப்புக் கட்டையின் சத்தம். பயமுறுத்தும் அந்த ஓசைதான் உண்மையில் காவல். உச்சியைத் தாண்டிய பிறகு எல்லாம் புவியீர்ப்பின் பொறுப்பு. முதல் மேட்டில் சேர்த்துவைத்த ஆற்றலை உராய்வும் காற்றும் தின்றுகொண்டே வருவதால் அடுத்தடுத்த மேடுகள் குட்டையாகிக்கொண்டே போகும். மேட்டின் வளைவை, வண்டி தானாகத் தாவக்கூடிய பாதையைவிடச் சற்றுக் கூர்மையாக வைத்தால் உடம்பு இருக்கையை விட்டு எழும், அடிவயிற்றில் ஜிவ்வென்று இருக்கும். ரசிகர்கள் தேடி வருவது அந்த நொடிகளைத்தான்.

ஒரே பாதையில் இரண்டு மூன்று ரயில்கள் ஓடும்போது மோதாமல் இருப்பது எப்படி? ரயில்வேயின் பிளாக் முறைதான். பாதையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முன்னால் போன ரயில் ஒரு பகுதியை விட்டு வெளியேறியதை உணர்கருவி உறுதி செய்த பிறகே அடுத்ததை உள்ளே விடுவார்கள். பாதி மேட்டில் ரயில் நின்றுவிட்டது என்று செய்தி வரும்போது பலர் பதறுகிறார்கள். பெரும்பாலும் அந்த ஏற்பாடு தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள்.

இப்போது 1989-க்கு வருவோம். ஆரோ நிறுவனம் வடிவமைத்த புதிய எஃகுக் கோஸ்டர் முதலில் 200 அடிக்குள்தான் வரையப்பட்டிருந்தது. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இன்னும் கொஞ்சம் ஏற்றி 200-ஐத் தாண்டிவிடலாமே என்றார் தலைமை நிர்வாகி டிக் கின்செல். மேக்னம் எக்ஸ்எல்-200 அப்படித்தான் 205 அடியில் நின்றது. ஒரு முழுச் சுற்றை முடித்து நிலையத்துக்குத் திரும்பும் கோஸ்டர்களில் 200 அடியைத் தாண்டியது உலகிலேயே அதுதான் முதல். வேகம் மணிக்கு 116 கிலோமீட்டர். சுமார் 80 லட்சம் டாலர் செலவு. ஏரியோரமாகவே நீண்டு போய்த் திரும்பும் பாதை. முதல் மேட்டின் உச்சியில் ஒரு பக்கம் முழுக்கத் தண்ணீர்தான். இடம் இல்லாததை இவ்வளவு அழகாக மாற்றிக்கொண்ட கட்டுமானம் அரிது என்பேன்.

மற்ற பூங்காக்கள் விடவில்லை. இருநூறு அடி என்பது சில ஆண்டுகளிலேயே ஜப்பானிலும் அமெரிக்காவிலும் வேறு இடங்களிலும் வந்துவிட்டது. 2000-ல் சீடர் பாயின்ட் மில்லேனியம் ஃபோர்ஸைத் திறந்தது. 310 அடி, மணிக்கு 150 கிலோமீட்டர், 80 பாகை சரிவு, இரண்டு கிலோமீட்டர் நீளப் பாதை. இவ்வளவு உயரத்துக்குச் சங்கிலியைப் பயன்படுத்தினால் எடையும் நேரமும் கட்டுப்படியாகாது. அதனால் இன்டமின் நிறுவனம் எஃகு வடக்கயிற்றால் இழுக்கும் முறையைக் கொண்டுவந்தது. ‘டக் டக்’ இல்லை, 45 பாகைச் சாய்வில் விறுவிறுவென்று ஏற்றிவிடும். ஒரு ரயிலில் 36 பேர், மணிக்கு ஆயிரத்துக்கும் அதிகமானோர் ஏறி இறங்கலாம். உயரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். ஒரு வட்டாரப் பூங்காவுக்கு உயரம் ஆளை வாசல்வரை கொண்டுவரும், வரிசை நகரும் வேகம்தான் அவரைச் சந்தோஷமாக வீட்டுக்கு அனுப்பும்.

மூன்றே ஆண்டில் அடுத்தது. 2003-ல் டாப் த்ரில் டிராக்ஸ்டர், 420 அடி. நாற்பது மாடிக் கட்டடத்தின் உயரம். இதில் ஏற்றிவிடும் மேடே கிடையாது. எண்ணெயைப் பம்பு செய்து நைட்ரஜன் வாயுவை அழுத்திச் சேமித்து, அந்த அழுத்தத்தை ஒரே மூச்சில் விடுவித்து, பெரிய உருளையைச் சுழற்றி, கயிற்றால் வண்டியை இழுத்து விசிறிவிடுவார்கள். நான்கு நொடிக்குள் மணிக்கு 193 கிலோமீட்டர். செங்குத்தாக மேலே, கோபுரத்தின் உச்சியைத் தாண்டி, திருகிக்கொண்டே செங்குத்தாகக் கீழே. முழுக் கதையும் அரை நிமிடம்கூட இல்லை. எதிர்க்காற்று பலமாக இருந்தாலோ, விசை ஒரு துளி குறைந்தாலோ வண்டி உச்சியைத் தொடாமல் வந்த வழியே பின்னோக்கி இறங்கிவிடும். அதற்காகவே, வண்டி கடந்து போனதும் பாதையின் நடுவே உலோகத் தகடுகள் மேலே எழும்பி நிற்கும். வண்டியின் காந்தங்கள் அந்தத் தகடுகளுக்கு இடையில் வந்ததும் மின்சாரமோ தொடுதலோ எதுவும் தேவையில்லாமல் வேகம் அடங்கிவிடும். அப்படிப் பின்னால் வந்தவர்கள் பயந்துபோய்க் கீழே இறங்குவதில்லை. மறுபடி ஒருமுறை போகும் வாய்ப்பு கிடைத்ததே என்று கை தட்டுகிறார்கள்.

இந்தப் பந்தயத்துக்கு ஒரு விலை இருந்தது. 2005-ல் நியூஜெர்சியில் ஏறக்குறைய இதே முறையில் 456 அடிக்குக் கிங்டா கா எழுந்ததும் உலகச் சாதனை கைமாறியது. ஆனால் அந்த அசுர விசையைத் தினமும் தாங்கும் இயந்திரத்தை ஓயாமல் பழுதுபார்க்க வேண்டியிருந்தது. 2021 ஆகஸ்டில் டிராக்ஸ்டர் ரயிலின் பின்பகுதியிலிருந்து கழன்ற ஓர் உலோகத் துண்டு வரிசையில் நின்றிருந்த பெண்மணியின் தலையில் பட்டு அவர் படுகாயமடைந்தார். சவாரி உடனே நிறுத்தப்பட்டது. ஒஹாயோவில் ராட்டினங்களைச் சோதிக்கும் பொறுப்பு வேளாண் துறையிடம் இருக்கிறது. மாவட்டச் சந்தைகளில் ராட்டினம் சுற்றிய காலத்து ஏற்பாடு அது. அந்தத் துறையின் விசாரணை, பூங்கா சட்டத்தை மீறியதற்குச் சான்று இல்லை என்று முடிந்தது. சட்டப்படி சரி. ஆனால் வரிசையில் நிற்பவர் எந்த அபாயத்தையும் ஏற்றுக்கொண்டு அங்கே நிற்பதில்லை. பாதைக்கு அருகில் வரிசை வளைந்து செல்லும்படி எந்தப் பூங்கா கட்டினாலும், வடிவமைப்பாளர் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது அவரைத்தான்.

பழைய கோபுரத்தை வைத்துக்கொண்டே 2024-ல் டாப் த்ரில் 2 வந்தது. எண்ணெயும் கயிறும் போய்விட்டன. லீனியர் மோட்டார் வந்துவிட்டது. சுழலும் மோட்டாரை வெட்டித் தரையில் நெடுக விரித்து வைத்தது போன்ற ஏற்பாடு அது. ஒரே தாவலுக்குப் பதில் மூன்று உந்துதல். முதலில் முன்னோக்கி, பிறகு பின்னோக்கிப் போய் 420 அடி உயரமான இரண்டாவது கோபுரத்தில் தலைகீழ்ப் பார்வையோடு தொங்கி, அப்புறம் 193 கிலோமீட்டர் வேகத்தில் உச்சியைத் தாண்டுவது. மே மாதம் திறந்து ஒரு வாரம்தான் ஓடியது. வண்டிகளில் கோளாறு என்று அந்தப் பருவம் முழுக்க நின்றுபோய், 2025-ல்தான் மறுபடி ஓடியது. அதே 2025 பிப்ரவரியில் கிங்டா காவை வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

உயரம் அலுத்தால் என்ன செய்வது என்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. 1991-ல் கட்டிய மீன் ஸ்ட்ரீக் (Mean Streak) என்ற மரக் கோஸ்டர் வயதாக ஆக உடம்பை அடித்துப் போடும் அளவுக்குக் குலுங்கியது. 2016-ல் மூடினார்கள். இடித்துவிடாமல், மரச் சட்டகத்தின் பெரும்பகுதியை வைத்துக்கொண்டு மேலே எஃகுப் பாதை போட்டு 2018-ல் ஸ்டீல் வெஞ்சன்ஸாகத் திறந்தார்கள். 205 அடிதான். ஆனால் சுற்று முழுவதிலும் உடம்பு இருக்கையை விட்டு எழும் நேரத்தைச் சேர்த்தால் 27 நொடி வரும் என்கிறது பூங்கா. என் பார்வையில் சீடர் பாயின்ட்டின் ஆகச் சிறந்த கோஸ்டர் இதுதான், இதன் சிறப்பு உயரத்தில் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். 2025-ல் வந்த சைரன்ஸ் கர்ஸும் அந்த வழிதான். 160 அடி உயரத்தில் பாதை துண்டாகி நிற்க, வண்டி நின்ற பலகையே மெதுவாகச் சாய்ந்து செங்குத்தாகிக் கீழ்ப்பாதையோடு பொருந்திய பிறகு வண்டி விழுகிறது.

இத்தனை எஃகுக்கு நடுவே நான் பரிந்துரைக்கும் சவாரி ஒன்று உண்டு. சீடர் டௌன்ஸ் ரேசிங் டெர்பி. 1920-ல் செய்தது. கிளீவ்லாந்தின் யூக்ளிட் பீச் பூங்காவில் இருந்து, 1967-ல் இங்கே வந்தது. பார்வைக்குக் குடை ராட்டினம்தான். ஆனால் சாதாரணக் குடை ராட்டினத்தைவிடப் பல மடங்கு வேகமாகச் சுழலும். மொத்தம் 64 மரக்குதிரைகள், நாலு நாலாகப் பதினாறு வரிசை. சுழலும்போதே ஒவ்வொரு வரிசையின் நாலு குதிரைகளும் தளத்தில் வெட்டிய தடத்தில் முன்னும் பின்னும் நகரும், பக்கத்துக் குதிரையை முந்தும், பின்தங்கும். உள்பக்கமாகச் சாய்ந்து உட்கார வேண்டும், இல்லாவிட்டால் வேகம் வெளியே தள்ளும். எந்தக் குதிரை வெல்லும் என்று முன்கூட்டியே தெரியாது. ஜெயித்த எட்டு வயதுக் குழந்தையின் முகத்தைப் பக்கத்துக் குதிரையிலிருந்து பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். இந்த வகை ராட்டினம் உலகில் விரல்விட்டு எண்ணும் அளவே மிச்சமிருக்கிறது.

பருவத்துக்கு வருவோம். மே மாதம் திறந்து அக்டோபர் கடைசியோடு பூங்கா ஏறத்தாழ முடிந்துவிடும். குளிர்காலத்தில் ஏரியே உறைந்துவிடுகிற ஊர். அதனால் ஆண்டு வருமானம் முழுவதையும் ஆறு மாதத்துக்குள் சம்பாதிக்க வேண்டும். 1997-லிருந்து இலையுதிர் கால வார இறுதிகளில் ஹாலோவீன் கொண்டாட்டம் நடத்துவது அந்தப் பருவத்தைக் கொஞ்சம் நீட்டிக்கத்தான். கோடைக்கு மட்டும் ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்கிறார்கள். பல நாடுகளிலிருந்து மாணவர்கள் தற்காலிக விசாவில் வந்து விடுதியில் தங்கி வேலை பார்க்கிறார்கள். மூடியிருக்கும் மாதங்களில் ரயில்களைப் பட்டறைக்குக் கொண்டுபோய் அக்கக்காகப் பிரித்து, கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று பாகம் பாகமாகச் சோதிக்கிறார்கள். ஜூன் கடைசியில் இன்னொரு விருந்தாளி வருவார். ஏரியின் அடிச் சேற்றிலிருந்து கோடிக்கணக்கில் கிளம்பும் மேஃப்ளை பூச்சிகள். வானிலை ரேடாரிலேயே மேகம்போலத் தெரியும். விளக்குக் கம்பம், சுவர், கோஸ்டர் தூண் எல்லாவற்றிலும் அப்பிக்கொள்ளும். கடிக்காது, இரண்டொரு நாளில் செத்துப்போகும். ஏரி ஆரோக்கியமாக இருக்கிறது என்பதற்கு அடையாளம் என்பதால் உள்ளூர்க்காரர்கள் முகம் சுளித்துக்கொண்டே வரவேற்கிறார்கள்.

தாய் நிறுவனமான சீடர் ஃபேர் 2024 ஜூலையில் சிக்ஸ் ஃப்ளாக்ஸோடு இணைந்து 42 பூங்காக்களைக் கொண்ட ஒரே நிறுவனமாகிவிட்டது. அடுத்த ஆண்டே மேரிலாந்தில் இருந்த தன் பூங்காவை அது மூடியது. ஒஹாயோக்காரர்களுக்கு இது புதிதல்ல. சீடர் ஃபேர் 2004-ல் கிளீவ்லாந்து அருகே இருந்த ஜியாகா லேக் பூங்காவை 14.5 கோடி டாலருக்கு வாங்கி, 2007-ல் ராட்டினங்களை நிறுத்திவிட்டது. நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வழக்கம் அந்தக் குடும்பங்களுக்கு ஒரே அறிவிப்பில் முடிந்துபோனது. 1956-ல் சான்டஸ்கி மக்கள் சத்தம் போட்டிராவிட்டால் சீடர் பாயின்ட்டும் இன்று வீட்டுமனைதான். காசு கொடுத்தவருக்குத் தனி வரிசை, வாகன நிறுத்தத்துக்குத் தனிக் கட்டணம் என்று செலவு ஏறிக்கொண்டே போவதுதான் இப்போதைய கவலை. பக்கத்து ஊர்த் தொழிலாளி குடும்பத்தின் கைக்கு எட்டாத இடமாகிவிட்டால் எத்தனை அடி கட்டினாலும் இந்தப் பூங்கா நிற்காது.

போகிறவர்கள் வார நாளில் போங்கள், வாசல் திறப்பதற்கு முன்பே அங்கே இருங்கள், பூங்காவின் பின்பகுதியில் இருக்கும் ஸ்டீல் வெஞ்சன்ஸுக்கு முதலில் நடங்கள். பலத்த காற்றடித்தால் உயரமான கோஸ்டர்களை நிறுத்திவிடுவார்கள் என்பதால் மில்லேனியம் ஃபோர்ஸையும் டாப் த்ரில் 2-ஐயும் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். பகல் வரிசை நீண்டிருக்கும் நேரத்துக்கு ப்ளூ ஸ்ட்ரீக்கும் டெர்பியும் இருக்கின்றன. நாலடி உயரம் தாண்டாத பிள்ளை கூட இருந்தால் பெரிய கோஸ்டர்களில் ஏற்ற மாட்டார்கள், வீட்டிலேயே அளந்து பார்த்துச் சொல்லிவிடுங்கள்.